வண்டியும் நம் வசம், உயிரும் நம் வசம்
(வெள்ளி விழாவின் இளைஞர் அமர்வில் நிகழ்த்திய உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுவது எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். உதவித்தொகை, விடுதி, நூலகம், வேலைவாய்ப்பு ஆகியவையே கல்விக் கழகம் பேச வேண்டிய பொருள்கள் என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால், இருபது ஆண்டுகள் பாடுபட்டுப் படிக்க வைத்த பிள்ளையை ஒரு நொடியில் சாலையில் இழந்த வீடுகள் நம் குடியிருப்புகளில் உள்ளன. அந்த வீட்டின் முதற் பட்டதாரியும் அவனே. கடனை அடைக்க இருந்தவனும் அவனே. தங்கையின் படிப்பை ஏற்றுக்கொள்ள இருந்தவனும் அவனே. அவனுடன் ஒரு தலைமுறையின் ஏற்றமே நின்றுபோகிறது. ஆதலின், சாலையில் உயிரைக் காத்துக்கொள்வதும் நமக்குக் கல்வியின் ஒரு பகுதியேயாகும்.

மோட்டார் சைக்கிள் நமக்கு வெறும் வாகனம் அன்று என்பதையும் நாம் அறிவோம். ஊர்த்தெருவின் வழியே செல்லும்போது சைக்கிளிலிருந்து இறங்கி, அதைத் தள்ளிக்கொண்டே நடக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு தமிழகத்தின் பல ஊர்களில் நம் தந்தையர்க்கும் பாட்டனார்க்கும் விதிக்கப்பட்டிருந்தது. அந்தத் தலைமுறையின் பேரன் இன்று சொந்த வண்டியில் நிமிர்ந்து அமர்ந்து செல்கிறான். அந்த மகிழ்ச்சியைக் குறைத்துப் பேச நாம் வரவில்லை. அந்த வண்டி அவனை மாலையில் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பதே நம் கவலை.

இவ்விடத்தில் அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்வில் நிகழ்ந்த ஒரு செய்தியை நினைவூட்ட விரும்புகிறோம். 1929-ஆம் ஆண்டில், தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மக்களின் குறைகளை ஆராயப் பம்பாய் அரசாங்கம் அமைத்த குழுவின் உறுப்பினராக அவர் கான்தேஷ் பகுதியில் சுற்றுப்பயணம் செய்தார். சாலிஸ்கான் ரயில் நிலையத்தில் இறங்கிய அவரை நம் மக்கள் தங்கள் குடியிருப்புக்கு அழைத்துச் செல்ல விரும்பினர். ஆனால், மகார் ஒருவரை ஏற்றிச்செல்ல எந்தக் குதிரைவண்டிக்காரரும் இசையவில்லை. விருந்தினரை நடக்க வைப்பது அவருக்குக் குறைவு என்று கருதிய மக்கள், வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, தங்களுள் ஒருவரையே ஓட்ட வைத்தனர். அவருக்கோ வண்டியோட்டிப் பழக்கமில்லை. ஆற்றுப் பாலத்தின்மீது வண்டி நிலைதவறிற்று. அண்ணல் கல்தளத்தில் தூக்கி எறியப்பட்டார். அவரது கால் முறிந்தது. பல நாள்கள் நடமாட இயலாமற் போயிற்று. தம் கண்ணியத்தைக் காக்க முயன்ற மக்கள் தம் உயிரையே ஆபத்துக்கு உள்ளாக்கிவிட்டனர் என்று அவர் பின்னாளில் தம் குறிப்புகளில் வருந்தி எழுதினார். குற்றம் யாருடையது என்பதில் அவருக்கு ஐயமில்லை. வண்டியோட்ட மறுத்த சாதிக் கொடுமையே அதற்குக் காரணம். எனினும் அந்நிகழ்ச்சி நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. கண்ணியமும் வேண்டும்; கடிவாளத்தைப் பிடிக்கும் கைக்குப் பயிற்சியும் வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடலாகாது.

இனி, நாட்டின் நிலையைச் சிறிது நோக்குவோம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் நூற்றுக்கு நாற்பத்து நால்வருக்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அவ்வாண்டில் சாலை விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடத்தில் நின்றது. 64,105 விபத்துகள் இங்கு நேர்ந்தன. தலைக்கவசம் அணியாமையால் நாடு முழுதும் மாண்டோர் ஐம்பதினாயிரம் பேர். அவர்களுள் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள் என்பதைத் தாய்மார்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

நம் கள்ளக்குறிச்சியை எடுத்துக்கொள்வோம். 2019 நவம்பர் 26-ஆம் நாள் தனி மாவட்டமான பின்பு அலுவலகங்கள் பெருகின. பின்னர் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை சேலம் சாலை, துருகம் சாலை, சங்கராபுரம் சாலை, கச்சிராயப்பாளையம் சாலை ஆகிய எல்லா வழிகளிலிருந்தும் மக்கள் நகரை நோக்கி வருகின்றனர். பள்ளிப் பேருந்து, நகரப் பேருந்து, ஷேர் ஆட்டோ, லாரி, நெல் மூட்டை ஏற்றிய வண்டி, கரும்பு டிராக்டர், இவற்றுக்கிடையே ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள்! நான்குமுனைச் சந்திப்பில் ஒரு நாள் காலையில் அரைமணி நேரம் நின்று பார்த்தால் நாம் சொல்லப்போவது யாவும் விளங்கும். வேலை தேடிச் சென்னை சென்று, உணவுப் பொட்டலங்களை வீடுவீடாகக் கொண்டுசேர்க்கும் நம் இளைஞர்கள் இதினும் பன்மடங்கு நெரிசலில் நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் வண்டியோட்டுகின்றனர். அவர்களுக்கும் சேர்த்தே இவற்றைக் கூறுகிறோம்.

முதலாவது பாடம் இடைவெளி. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடிவிடும். 60 கிலோமீட்டர் வேகத்திலோ ஏறத்தாழ 17 மீட்டர். ஆபத்தைக் கண்ணாற் கண்டு, கை பிரேக்கை அழுத்துவதற்கே ஒரு நொடி கழிந்துவிடும். அதுவரை வண்டி குறையா வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். பிரேக் பிடித்த பின்பு நிற்க வேண்டிய தூரமோ வேகத்தின் மடங்கைவிட விரைந்து பெருகும். வேகம் ஒன்றரை மடங்காயின் அத்தூரம் இரண்டேகால் மடங்காகும். உலர்ந்த நல்ல சாலையில், பிரேக்கும் டயரும் செம்மையாக இருக்கும்போதுகூட, 40 கிலோமீட்டர் வேகத்தில் நிற்பதற்கு ஏறத்தாழ 23 மீட்டரும், 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 45 மீட்டரும் தேவைப்படும் என்று கொள்ளலாம். ஆதலின் முன்செல்லும் வண்டி ஒரு மின்கம்பத்தைக் கடந்ததும் மனத்துள் நிதானமாக "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று எண்ணுங்கள். எண்ணி முடிக்குமுன் நீங்கள் அக்கம்பத்தை அடைந்துவிட்டால் மிக நெருங்கிச் செல்கிறீர்கள் என்பது பொருள். மழைக்காலத்தில் இவ்விடைவெளியை இரட்டிப்பாக்குங்கள்.

இடைவெளி விட்டால் வேறொருவன் உள்ளே நுழைந்துவிடுகிறான் என்று இளைஞர்கள் கூறுவதுண்டு. நுழையட்டும். மீண்டும் சிறிது பின்வாங்குங்கள். பதினைந்து கிலோமீட்டர் தூரத்தை 60 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கும் 40 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கும் உள்ள வேறுபாடு ஏழரை நிமிடமே. நெரிசலில் அதுவும் மிஞ்சாது. பாய்ந்து சென்றவனும் பொறுத்து வந்தவனும் அடுத்த சந்திப்பில் ஒன்றாகவே நிற்பார்கள். ஏழரை நிமிடம் முன்னதாக வீட்டைவிட்டுப் புறப்படுவது எளிது.

இரண்டாவது பாடம் பிரேக். முன்சக்கர பிரேக்கைப் பிடித்தால் வண்டி குப்புறக் கவிழும் என்று அஞ்சிப் பின்பிரேக்கை மட்டுமே மிதிக்கும் பழக்கம் நம்மிடையே பரவியுள்ளது. இது தவறு. வண்டி நிற்க முற்படும்போது பாரத்தின் பெரும்பகுதி முன்சக்கரத்தின்மீது சாய்கிறது. ஆதலின் நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி முன்பிரேக்கிலேயே உள்ளது. பின்பிரேக்கை மட்டும் ஓங்கி மிதித்தால் பின்சக்கரம் இறுகி வழுக்கும். இரண்டையும் ஒருசேர, முதலில் மென்மையாகவும் பின்பு படிப்படியாக அழுத்தியும் பிடிக்க வேண்டும். வண்டி நேராக இருக்கும்போதே பிடிக்க வேண்டும். வளைவில் சாய்ந்திருக்கும்போது திடீரெனப் பிடிக்கலாகாது. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய வண்டிகளில், 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றில் சக்கரம் இறுகாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும், அதற்குட்பட்டவற்றில் இரு பிரேக்குகளும் இணைந்து இயங்கும் அமைப்பும் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. ஆனால் நம்மவர் பலரும் வாங்குவது பழைய வண்டியே. அதில் இவ்வசதி இராது. ஆகவே ஆளில்லாத மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முதலில் 20 கிலோமீட்டர் வேகத்திலும் பின்பு 30, 40 கிலோமீட்டர் வேகத்திலும் நிறுத்திப் பழகுங்கள். பழகாத கை, ஆபத்து வேளையில் சரியாகச் செய்யாது.

மூன்றாவது பாடம் பிறர் கண்ணில் படுவது. அமெரிக்க நாட்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹாரி ஹர்ட் என்னும் அறிஞர் தலைமையில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரிற் சென்று ஆராய்ந்து 1981-ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டனர். வேறொரு வாகனத்துடன் மோதிய விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, அந்த வாகனத்தின் ஓட்டுநர் மோட்டார் சைக்கிளுக்கு வழிவிடாமல் குறுக்கிட்டதால் நேர்ந்தவை. மோட்டார் சைக்கிளைத் தாம் காணவே இல்லை என்பதே அவர்கள் கூறிய காரணம். விபத்துக்குள்ளான மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் தாமாகவோ உறவினர் நண்பரிடமோ ஓட்டக் கற்றவர்கள் என்பதும் அவ்வறிக்கையில் உண்டு. நம் ஊரிலும் அண்ணனிடமோ சித்தப்பாவிடமோ கற்றவர்களே பெரும்பாலோர்.

எனவே, "அவன் என்னைப் பார்த்திருப்பான்" என்று ஒருபோதும் நம்பாதீர்கள். சந்திப்பை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, இரு விரல்களைப் பிரேக்கின்மீது வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே வரும் ஓட்டுநரின் முகத்தைப் பாருங்கள். அதைவிட அவன் முன்சக்கரத்தைப் பாருங்கள். முகம் ஏமாற்றும், சக்கரம் ஏமாற்றாது. அது உருளத் தொடங்கினால் அவன் வருகிறான். பேருந்து, லாரி ஆகியவற்றின் ஓட்டுநருடைய பக்கக் கண்ணாடி உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையெனில் நீங்களும் அவர் கண்ணுக்குத் தெரியமாட்டீர்கள். பேருந்தின் இடப்புறத்தில் நுழைந்து முந்துவது பெருங்கேடு. பயணிகள் இறங்குவதும் அப்பக்கமே, பேருந்து ஒதுங்குவதும் அப்பக்கமே. இரண்டு பெரிய வண்டிகளுக்கு இடையேயுள்ள சந்தில் ஒருபோதும் நுழையாதீர்கள். நின்றுள்ள ஆட்டோவைக் கடக்கும்போது ஒரு மனிதர் திடீரென இறங்கும் அளவு இடம் விட்டுச் செல்லுங்கள். திரும்புமுன் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, தோளுக்கு மேலும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓட்டுவதை அழகென்று கருதும் தம்பிகள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய ஆபத்துகள் சில உள. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு செல்லும் பருவத்தில், பின்விளக்கில்லாத டிராக்டர் பெட்டிகள் இரவில் சாலையை அடைத்துக்கொண்டு செல்லும். சில வேளைகளில் பழுதாகிச் சாலையிலேயே நிற்கும். கரும்பின் நுனிகள் பெட்டிக்கு வெளியே நீண்டிருக்கும். நம் விளக்கொளி எட்டும் தூரத்திற்குள் நிற்க இயலும் வேகமே இரவில் நமக்குரிய வேகம். அறுவடைக் காலத்தில் மக்காச்சோளமும் உளுந்தும் மணிலாவும் சாலையிற் காயும். தானியத்தின்மீது பிரேக் பிடிப்பதும் கோலிக்குண்டின்மீது பிடிப்பதும் ஒன்றே. முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து ஒதுங்கிச் செல்லுங்கள். சாலையில் தானியம் உலர்த்துவோருள் நம் உறவினரும் உள்ளனர், அவர்களுக்கும் எடுத்துரைப்போம். கோடைக்குப்பின் பெய்யும் முதல் மழையில் சாலையில் படிந்த எண்ணெய் மேலெழுந்து வழுக்கும். வெள்ளைக் கோடுகளும் அவ்வாறே. சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் சுற்றுவழியைத் தவிர்ப்பதற்காக எதிர்த்திசையில் செல்லும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அங்கு எதிரே வருபவன் வேகமும் உங்கள் வேகமும் கூடியே மோதும்.

கல்வராயன் மலையைப் பற்றியும் ஒரு சொல். 1976-ஆம் ஆண்டு வரை ஜாகீர்தாரர்களின் பிடியில் இருந்த அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் இன்று கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் இறங்கி வருவது பெரிதும் மோட்டார் சைக்கிளிலேதான். விடுமுறை நாள்களில் நம் இளைஞர்களும் மேகம், பெரியார் அருவிகளுக்குக் கூட்டமாகச் செல்கின்றனர். நாங்கள் சிலர் பல ஆண்டுகளுக்கு முன் வெள்ளிமலையிலிருந்து கச்சிராயப்பாளையம் நோக்கி இறங்கினோம். பெட்ரோல் மிச்சமாகும் என்று எண்ணி எஞ்சினை அணைத்து, பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டே வந்தோம். பாதி வழியில் பிரேக் சூடேறி, அழுத்த அழுத்தப் பிடிக்காமற் போயிற்று. ஒரு வளைவில் மண்மேட்டில் மோதி நின்றோம். அது மண்மேடாக இருந்ததால்தான் இன்று உங்கள்முன் நிற்கிறோம். மிச்சமான பெட்ரோல் ஒரு தேநீரின் விலைகூட இராது. மலையிறங்கும்போது எஞ்சின் ஓட வேண்டும். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்க வேண்டும். கிளட்சைப் பிடித்துக்கொண்டே உருண்டு செல்லலாகாது. குறுகிய பாதையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. வளைவில் ஹாரன் ஒலித்து, இடப்புறத்தை விடாமல் செல்லுங்கள்.

அடுத்து, தலைக்கவசம். தமிழ்நாட்டில் 2015 ஜூலை முதல் நாளிலிருந்து, சென்னை உயர்நீதிமன்ற ஆணையையொட்டி, ஓட்டுபவர் பின்னமர்பவர் இருவர்க்கும் அது கண்டிப்பாக்கப்பட்டது. தலைக்கவசம் மரண ஆபத்தை நூற்றுக்கு 42 பங்கும், தலைக்காய ஆபத்தை 69 பங்கும் குறைக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ளதை வாங்கித் தாடைப்பட்டையை இறுக மாட்டிக்கொள்ளுங்கள். மாட்டாத கவசம் விழும்போது முதலில் கழன்று ஓடும். அதைப் பெட்ரோல் டாங்கின்மீது வைத்துக் காவலரைக் கண்டதும் அணிபவர் யாரை ஏமாற்றுகிறார்? தாய்மார்கள் ஒருபக்கமாக அமரும்போது சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காதபடி செருகிக்கொள்ள வேண்டும்; சேலை கார்டு இல்லாத வண்டியில் ஏறவே வேண்டா.

ஒரு வண்டியில் மூவர் செல்வது குற்றம். பிரேக்கும் டயரும் இருவர் பாரத்துக்கே அமைந்தவை. கைபேசியைத் தோளில் இடுக்கிப் பேசுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்கு ஒப்பானது. மதுவைப்பற்றி நம் மாவட்டத்தில் விரித்துரைக்க வேண்டியதில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றதையும், அவர்களுள் நம் மக்கள் எத்தனை பேர் என்பதையும் நாம் அறிவோம். குடித்துவிட்டு வண்டியெடுப்பவன் தன்னோடு, எதிரே வரும் ஒன்றுமறியாதவனையும் சேர்த்துக் கொல்கிறான்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம்; வண்டியின் பதிவும் ஓராண்டு நீக்கப்படும்; அப்பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடையாது. பிளஸ் டூ தேர்ச்சிக்குப் பரிசாக வண்டி வாங்கித் தருவதைவிட, அதுவரை பேருந்துக் கட்டணமில்லாச் சலுகையில் கல்லூரிக்கு அனுப்புவது நல்லது.

உரிமமும் காப்பீடும் ஏழைக்கே மிகுதியும் தேவை. மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். அது நாம் மோதிப் பிறருக்கு நேரும் இழப்பையே ஈடுசெய்யும். ஓட்டும் உரிமையாளரின் உயிருக்கு 15 இலட்சம் ரூபாய் வரையிலான தனிநபர் விபத்துக் காப்பீடு வேறாக உண்டு. உரிமம் இல்லாதவருக்கு அது பயன்படாது. பிறர் தவறால் விபத்து நேர்ந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். காலம் தாழ்த்தாமல் ஆறு மாதத்திற்குள் செய்வதே பாதுகாப்பு. மோதிவிட்டு நிற்காமல் ஓடிய வண்டி அடையாளம் தெரியாவிடினும், 2022-ஆம் ஆண்டுத் திட்டப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 2 இலட்சம் ரூபாயும், கொடுங்காயம் அடைந்தவர்க்கு 50,000 ரூபாயும் பெற வழியுண்டு. இதை அறியாமல் கையெழுத்திட்டுச் சொற்பத் தொகைக்குச் சமாதானமாகிவிடும் நம் மக்கள் பலர். கழகத்தின் வழக்கறிஞர்கள் இதில் கைகொடுக்க வேண்டும்.

விபத்தைக் கண்டால் நின்று உதவுங்கள். 108-ஐ அழையுங்கள். விழுந்தவரின் கழுத்தைத் திருப்பாதீர்கள், தலைக்கவசத்தைப் பிடித்திழுக்காதீர்கள், குருதி கொட்டும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். காயமுற்றவரை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பவரை வழக்கில் இழுத்து அலைக்கழிக்கலாகாது என்ற நெறிமுறைகளுக்கு உச்சநீதிமன்றம் 2016-இல் ஒப்புதல் அளித்தது. இன்று அது சட்டமாகவும் ஆகியுள்ளது. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய "நம்மைக் காக்கும் 48" திட்டப்படி, முதல் நாற்பத்தெட்டு மணி நேர உயிர்காக்கும் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த அரசு மற்றும் தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கும். பணமில்லையே என்று தயங்கி உயிரை விடவேண்டிய நிலை இனி நமக்கு வேண்டா. விழுந்து கிடப்பவர் எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்று கேட்டுக்கொண்டு நிற்பதும் நமக்கு வேண்டா. பிறர் நம்மிடம் அவ்வாறு கேட்டதன் வலியை நாம் நன்கறிவோம்.

இறுதியாகக் கழகத்திற்கு மூன்று வேண்டுகோள்கள். ஆண்டுக்கு ஒருமுறை, பயிற்சி பெற்ற ஒருவரைக் கொண்டு மைதானத்தில் பிரேக் பயிற்சி நடத்துவோம். பெண்களையும் அதிற் சேர்ப்போம். உரிமம் பெற இயலாத உறுப்பினர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவோம். கழகம் வழங்கும் பரிசுகளில் கேடயத்துக்கு மாற்றாகத் தலைக்கவசம் வழங்குவோம். கேடயம் அலமாரியில் இருக்கும். தலைக்கவசம் தலையில் இருக்கும்.

இளைஞர்களே! நம் முன்னோர் இச்சாலைகளில் நிமிர்ந்து செல்லும் உரிமைக்காக அடிபட்டனர், சிறைப்பட்டனர். அவர்கள் பெற்றுத்தந்த சாலையில் வேகத்தைக் காட்டித்தான் நம் பெருமையை நிலைநாட்ட வேண்டும் என்பதில்லை. ஒரு முரடன் முந்திச் சென்றால் செல்லட்டும். ஒருவன் ஏசினால் ஏசட்டும். கோபத்தில் திருகும் ஆக்ஸிலேட்டர் நம் கையில் இல்லை, அவன் கையில் இருக்கிறது. நம் வண்டி நம் வசம் இருக்க வேண்டுமாயின் நம் மனம் நம் வசம் இருக்க வேண்டும். இங்கிருந்து இன்று மாலை வண்டியில் திரும்புவோர் பலர். வாயிலைத் தாண்டுமுன் தாடைப்பட்டையை மாட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் காத்திருக்கிறார்கள்.

ஜெய்பீம்!